கென்யாவின் கிதேரி: ஒரு சட்டியில் சத்தான சாப்பாடு, சரியாக அவித்தால்!



வேலை முடிந்து வீடு வந்து, சோறு ஒரு பக்கம், கறிகள் ஒரு பக்கம் என்று சமைத்து முடிக்க இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. மரக்கறி மட்டும் உண்ணும் குடும்பங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு: வளரும் பிள்ளைகளுக்குப் போதிய புரதம் கிடைக்கிறதா? இந்த இரண்டுக்கும் உதவக்கூடிய ஓர் எளிய உணவை இம்முறை பார்ப்போம். அதோடு எங்கள் வீட்டில் நாங்கள் விட்ட ஒரு தவறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நீங்களும் விடக் கூடாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிதேரி என்றால் என்ன?

மக்காச்சோளத்தையும் அவரை இன விதைகளையும் ஒரே சட்டியில் அவித்து உண்பதே கிதேரி. மத்திய கென்யாவில் வாழும் கிக்குயு மக்களின் உணவு இது. இன்று கென்யா முழுவதும் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் உண்ணப்படுகிறது. லுவோ மக்கள் இதனை ‘ஞோயோ’ என்பர். அயல்நாடான தான்சானியாவில் ‘மகாண்டே’ என்ற பெயரில் இதே போன்ற உணவு உண்டு.

மக்காச்சோளமும் ராஜ்மாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்கு வந்தவை. அவை வருமுன் அங்கே கேழ்வரகு, சோளம், மொச்சை, தட்டைப்பயறு போன்றவையே முக்கிய உணவாக இருந்தன. நாம் கூழாகவும் களியாகவும் உண்ணும் கேழ்வரகு, கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களில் முதலில் பயிரிடப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு வந்த தானியம்தான். ஆகவே கிழக்கு ஆப்பிரிக்கச் சமையலறை நமக்கு அவ்வளவு அந்நியமானதல்ல.

இதில் உள்ள சத்து

மக்காச்சோளப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. அவரை விதைகளில் லைசின் நிறைய உண்டு. ஆனால் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. நமது சோறும் பருப்பும், இட்டலியும் சாம்பாரும் செய்கிற வேலையும் இதுவே. நார்ச்சத்து, போலேட், இரும்புச்சத்து ஆகியனவும் இதில் கிடைக்கின்றன. தக்காளியோ தேசிக்காய்ச் சாறோ சேர்த்தால் அதிலுள்ள வைட்டமின் சி, இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அந்தப் பயன் குறைந்துவிடும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்த தவறு

முதன்முறை கிதேரி செய்தபோது, ஊறவைத்த ராஜ்மாவை மெதுவாகச் சமைக்கும் மின்சட்டியில் (ஸ்லோ குக்கர்) போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டோம். மாலையில் விதைகள் ஓரளவு மென்மையாகத்தான் இருந்தன. “கொஞ்சம் கடிபட்டால் என்ன?” என்று பரிமாறினோம். இரண்டு மணி நேரத்துக்குள் பிள்ளைகள் இருவருக்கும் வாந்தி, பிறகு வயிற்றோட்டம். கடைச் சாமான் கெட்டுவிட்டது என்றே நினைத்தோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “எதில் சமைத்தீர்கள்?” என்பதுதான்.

ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற இயற்கை நச்சு உண்டு. சிவப்பு ராஜ்மாவில் அது மிக அதிகம். வேகாத விதைகள் நான்கைந்து உண்டாலே போதும், 1 முதல் 3 மணி நேரத்துக்குள் குமட்டலும் கடும் வாந்தியும் தொடங்கலாம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் குணமாகிவிடும் என்றாலும், சிறு பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் உடலில் நீர் வற்றிப்போகும் ஆபத்து உண்டு.

நன்றாகக் கொதிக்கவைத்தால் இந்த நச்சு அழிந்துவிடும். ஆனால் ஸ்லோ குக்கரின் உள்ளே இருக்கும் உணவு பல வேளைகளில் கொதிநிலையை எட்டுவதில்லை. சுமார் 80 பாகை செல்சியஸில் அரைவேக்காடாக வெந்த விதை, பச்சை விதையை விடவும் அதிக நச்சுத்தன்மை கொண்டதாக இருக்கலாம். எனவே மறவாத விதி மூன்று:

1. குறைந்தது 5 மணி நேரம், முடிந்தால் இரவு முழுவதும் ஊறவிடுங்கள்.
2. ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள்.
3. குமிழி விட்டுக் கொதிக்கும் நிலையில் 30 நிமிடமாவது அவித்து, பிறகு மென்மையாகும் வரை வேகவிடுங்கள்.

பிரஷர் குக்கரின் வெப்பம் கொதிநிலையை விட அதிகம் என்பதால் அது பாதுகாப்பானது. டின்னில் வரும் ராஜ்மா ஏற்கனவே வெந்தது. கழுவி உப்பைக் குறைத்துப் பயன்படுத்தலாம்.

செய்முறை (6 பேருக்கு)

தேவையானவை: காய்ந்த வெள்ளை மக்காச்சோளம் 2 கோப்பை, ராஜ்மா 1 கோப்பை, பெரிய வெங்காயம் 1, உள்ளி 3 பல், தக்காளி 2, கரட் 1, நறுக்கிய கீரை அல்லது கோவா 2 கைப்பிடி, கறித்தூள் 1 தேக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டிக்கு மேற்படாமல், கொத்தமல்லி இலை சிறிது.

1. சோளத்தையும் ராஜ்மாவையும் தனித்தனியே இரவில் ஊறவிட்டு, காலையில் தண்ணீரை வடித்துக் கழுவுங்கள்.
2. சோளத்தைப் பிரஷர் குக்கரில் 6 கோப்பை தண்ணீருடன் வைத்து, ஆவி வந்தபின் தீயைக் குறைத்து 30 நிமிடம் வேகவிடுங்கள். விதைகள் நுரைத்துப் பொங்கும்; குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம்.
3. ஆவி அடங்கியபின் திறந்து ராஜ்மாவைச் சேர்த்து, மீண்டும் மூடி 20 நிமிடம் வேகவிடுங்கள்.
4. ஒரு ராஜ்மாவை விரல்களால் நசுக்கிப் பாருங்கள். மாவாக நசுங்க வேண்டும். நடுவில் கடினம் இருந்தால் இன்னும் வேகவிடுங்கள்.
5. வேறொரு சட்டியில் எண்ணெய் விட்டு வெங்காயம், உள்ளி, கரட் வதக்கி, தக்காளியும் கறித்தூளும் சேர்த்துக் குழையவிடுங்கள்.
6. வெந்த கலவையை அளவான தண்ணீருடன் கொட்டி, உப்பும் கீரையும் சேர்த்து 10 நிமிடம் கொதிக்கவிட்டு, கொத்தமல்லி தூவி இறக்குங்கள்.

பிரஷர் குக்கர் இல்லாதவர்கள் இரண்டையும் ஒன்றாகச் சட்டியில் போட்டு, முதல் 30 நிமிடம் பெரிய தீயில் கொதிக்கவிட்டு, பின் மூடி இரண்டு மணி நேரமளவில் வேகவிடலாம். காய்ந்த சோளம் கிடைக்காவிட்டால் ராஜ்மாவைத் தனியே முழுவதும் அவித்தபின், உறைந்த இனிப்புச் சோளத்தைச் சேர்க்கலாம். கென்யாவில் இதனோடு அவகாடோத் துண்டுகள் வைத்து உண்பதும் வழக்கம். உறைப்பு வேண்டுவோர் ஒரு பச்சை மிளகாயைக் கீறிப் போடலாம்.

சோளம் வாங்கும்போது

பூஞ்சணம் பிடித்த, நிறம் மாறிய மணிகளைப் பொறுக்கி எறியுங்கள். பொதி முழுவதும் மணம் மாறியிருந்தால் அப்படியே கொட்டிவிடுங்கள். பூஞ்சணம் உண்டாக்கும் அப்ளாடாக்சின் என்ற நச்சு, ராஜ்மாவின் நச்சைப் போல அவிப்பதால் அழிவதில்லை. 2004ஆம் ஆண்டு கென்யாவின் கிழக்குப் பகுதியில், ஈரத்தோடு சேமித்த சோளத்தை உண்டு 317 பேர் நோயுற்று, அவர்களில் 125 பேர் இறந்தனர்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

நீரிழிவு உள்ளோர்: நார்ச்சத்து நல்லதே. ஆனால் சோளமும் மாச்சத்துதான். ஒரு கோப்பை அளவோடு நிறுத்துங்கள்; கூடவே சோறு வேண்டாம்.

சிறுநீரக நோயாளர்: இதில் பொட்டாசியமும் பொஸ்பரசும் உண்டு. மருத்துவரிடம் கேட்டபின்னரே உண்ணுங்கள்.

இரத்தம் உறையாதிருக்க வார்பரின் எடுப்போர்: கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

வாயுத் தொல்லை உள்ளோர்: முதலில் அரைக் கோப்பையில் தொடங்கிப் பழகுங்கள்.

மிஞ்சிய கிதேரியை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் வரை பயன்படுத்தலாம். பிள்ளைகளின் மதிய உணவுப் பெட்டிக்கும் ஏற்றது.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் முதலில் இதைப் பார்க்கவே பயந்தார்கள். இப்போது ஒரு விதையை எடுத்து நசுக்கிப் பார்ப்பது அவர்களின் வேலை. “நசுங்கிட்டுது, சாப்பிடலாம்” என்று அவர்கள் சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் கோப்பைகள் வரும். உங்கள் வீட்டிலும் அந்த வழக்கத்தை உண்டாக்கிவிடுங்கள்.