விதியின் வரி இரண்டு பொருள் தந்தால்

பணிக் கையேட்டில் ஒரு வரி இரண்டு பொருள் தரும்போது, பெரும்பாலும் மேலாளர் சொன்னதே முடிவாகிவிடுகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த நம்மவர் பலர் வாய் திறப்பதில்லை. திறக்கலாம். மயங்கும் வாசகத்தை வாசிக்க முறை உண்டு. நீதிபதிகளுக்கும், மேசையைச் சுற்றி அமர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டை ஆடுபவர்களுக்கும் அது பழக்கமானது.

1. விதி எதற்காக வந்தது?
ஒன்ராறியோவில் சப்பாத்துக் கடைகள் நடத்திய ரிஸ்ஸோ நிறுவனம் 1989இல் திவாலானது. வேலை இழந்தவர்கள் சட்டப்படியான பிரிவு ஊதியம் கேட்டார்கள். முதலாளி நீக்கினால்தான் பணம், திவாலானது நீக்கமாகாது என்று அந்தக் கோரிக்கை மறுக்கப்பட்டது. மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. 1998இல் கனடிய உச்ச நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. சொல்லை மட்டும் பார்க்காமல், சட்டம் முழுவதையும் அதன் நோக்கத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை.

2. விளைவைப் பாருங்கள்
அதே வழக்கில், அந்த மறுப்பை ஏற்றால், திவாலுக்கு முதல் நாள் நீக்கப்பட்டவருக்குப் பணம் உண்டு, மறுநாள் வேலை போனவருக்கு இல்லை என்ற நிலை வரும். இப்படி நியாயமற்ற முடிவில் கொண்டுபோய் விடும் பொருளைச் சந்தேகியுங்கள்.

3. மற்ற மொழிப் பிரதியையும் தேடுங்கள்
ரொறன்ரோவின் ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனம், ஏலியன்ட் நிறுவனத்தின் கம்பங்களைப் பயன்படுத்த ஒப்பந்தம் செய்திருந்தது. முதல் ஐந்து ஆண்டுக்குள் ஏலியன்ட் அதை ரத்துச் செய்யலாமா என்று தகராறு எழுந்தது. ஒரு காற்புள்ளியை வைத்து, செய்யலாம் என்றது கனடியத் தொலைத்தொடர்பு ஆணையம், 2006இல். ஒப்பந்தத்தின் பிரெஞ்சுப் பிரதியைப் பார்த்தபின் 2007இல் அந்த முடிவை மாற்றியது.

4. எந்த விதி மேலே?
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பொது விதியோடு சிறப்பு விதி மோதினால் சிறப்பு விதியே வெல்லும். வேலையிலும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் இங்கே ஓர் எல்லை உண்டு: ஒன்ராறியோ வேலைத் தரச் சட்டம் தரும் குறைந்தபட்ச உரிமைகளை எந்த ஒப்பந்தமும் குறைக்க முடியாது. அதற்கு மேல் தரலாம்.

5. முடிவை எழுத்தில் வையுங்கள்
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்துபவர் சந்தேகம் வந்தால் அந்த நேரத்துக்கு ஒரு முடிவு சொல்லி ஆட்டத்தைத் தொடர்வார், பிறகு ஆறுதலாகப் புத்தகத்தைப் பார்ப்பார். நீங்களும் வேலையை நிறுத்தாதீர்கள். அன்றே மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: வரி இது, இரண்டு பொருள்கள் இவை, இந்தக் காரணத்தால் இதை எடுத்துக்கொள்கிறேன், உங்கள் கருத்து என்ன? நாளை சக ஊழியருக்கும் அதே பொருளே பொருந்த வேண்டும்.

விடயம் வேலைத் தரச் சட்டம் தரும் உரிமையைப் பற்றியது, பேசியும் தீரவில்லை என்றால், மாகாணத் தொழில் அமைச்சில் முறையிடலாம். பொதுவாக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அந்த உரிமைகளைப் பற்றிக் கேட்பதற்காக உங்களைத் தண்டிக்கவும் அந்தச் சட்டம் இடம் தருவதில்லை. உரிமை எழுத்தில் இருக்கிறது, அதை வாசித்துக் கேட்பது நம் பொறுப்பு.