மேசை ஏற்கெனவே ஸ்பானிஷ்தான்!

ஸ்பானிஷ் ஆரம்பிச்ச எல்லாரும் தடுக்கி விழுற இடம் பெயரடை. முதல் டெஸ்ட்ல எனக்கு மார்க் போனதும் இங்கதான். ஆனா நம்ம தூத்துக்குடி வீடுகள்ல ரெண்டு பெயர்ச்சொல் ரெடியா இருக்கு: மேசை, அலமாரி. ரெண்டுமே போர்த்துக்கீசியர் விட்டுட்டுப் போனவை. ஸ்பானிஷிலும் 'மேசா', 'அர்மாரியோ'தான்.

இப்போ நிறம் சேருங்க. வெள்ளை அலமாரி, 'அர்மாரியோ ப்ளாங்கோ'. மேசை பெண்பால், அதனால 'மேசா ப்ளாங்கா'. (ஏன் பெண்பால்னு கேக்காதீங்க, நான் கேட்டுப் பார்த்துட்டேன்.) அடை பின்னால வருது, பெயரைப் பார்த்து வாலை மாத்துது. முத்து 'பெர்லா'. வெள்ளை முத்துகள் 'பெர்லாஸ் ப்ளாங்காஸ்'. 'கிராந்தே' (பெரிய) ஆண், பெண் பார்க்காது. பன்மைக்கு 'ஸ்' போதும்.

தமிழ்ல 'நல்ல' அசையவே அசையாது: நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல முத்துகள். அந்தப் பழக்கம்தான் நம்மைக் கவிழ்க்குது. 16-ஆம் நூற்றாண்டில் புன்னைக்காயலில் இருந்த அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளார் எதிர்த்திசையில் வந்தவர். அவரோட போர்த்துக்கீசியத்திலும் அடை வாலை மாத்தும். அதை ஓரங்கட்டிட்டுத் தமிழ் படிச்சு, தமிழுக்கு ஒரு இலக்கணமே எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தமிழாக்கியதுதான்.

சில அடைகளை முன்னாடியும் வைக்கலாம், ஆனா அர்த்தம் மாறிடும். 'அமிகோ வியெஹோ' வயசான நண்பர். 'வியெஹோ அமிகோ' ரொம்ப நாள் நண்பர். ஸ்கூல்ல இருந்து கூட வர்றவனைப் பத்தி எழுதுறீங்கன்னா ரெண்டாவதைப் போடுங்க. தோழின்னா 'வியெஹா அமிகா'.