பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படிப்போம்



குழுவில் ஐந்நூறு ரூபாய் கடன் கொடுப்பதென்றாலும் தீர்மானம் போட்டு, பேரேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிட்டுத்தான் கொடுக்கிறோம். வங்கி வட்டியில் பத்து ரூபாய் கூடினாலும் ஏன்னு கேக்கிறோம். ஆனா மளிகைக் கடையில், பிள்ளைக்குச் சத்து என்று ஒரு பாட்டில் பவுடர் வாங்கும்போது அந்தக் கணக்கு எங்கே போகுது? இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

முதலில் நம்ம நிலைமையைப் பார்ப்போம். 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் இருபது பேர் உட்காரும் குழுவில் பத்துப் பேர். களை வெட்டுற இடத்தில் கண்ணு இருட்டுது, நாலு படி ஏறினா மூச்சு வாங்குது என்றால், 'வயசாயிருச்சு' என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அடுப்படிக்கு வாங்க.

டி.வி.யில் ஓடியாடும் பிள்ளையைக் காட்டி விற்கிறார்களே, அந்த 'ஹெல்த் டிரிங்க்' சங்கதியை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டின் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. அதனால்தான் 2024 ஏப்ரலில், இந்தப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் போட்டு விற்கக் கூடாது என்று ஒன்றிய அரசு இணைய விற்பனை நிறுவனங்களுக்குச் சொன்னது. பேர் போனாலும் பவுடர் அதேதான். அதில் என்ன இருக்கு என்பது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

அதைப் படிக்க ஒரு சூட்சுமம் உண்டு. எது அதிகமாகச் சேர்ந்திருக்கோ அதை முதலில் எழுத வேண்டும், குறைந்தது கடைசியில். இதுதான் விதி. முதல் மூன்று பேரில் சர்க்கரை வந்துவிட்டால் நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் சர்க்கரைக்குத்தான். குளுக்கோஸ் சிரப், மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்று வருவதும் சர்க்கரைக்குச் சொந்தக்காரங்கதான். கூடவே சத்து அட்டவணை இருக்கும். அதில் 100 கிராமுக்குச் சர்க்கரை 30 கிராம் என்று போட்டிருந்தால், ஒரு கிலோ வாங்கினால் முன்னூறு கிராம் சர்க்கரை வாங்கியிருக்கிறோம்.

ராகி பிஸ்கட் என்று பெரிதாகப் போட்டிருப்பதையும் திருப்பிப் பாருங்கள். எந்தப் பொருளின் பேரை முன்னால் நிறுத்தி விற்கிறார்களோ, அது நூற்றுக்கு எத்தனை பங்கு என்று சொல்லியாக வேண்டும். மைதா முதலில் இருந்து, ராகி எங்கேயோ கடைசியில் பத்துப் பங்கோடு நின்றால், அது மைதா பிஸ்கட்தானுங்க.

இதெல்லாம் இங்கிலீஷில் இருக்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது சட்டம். தமிழிலும் போடு என்று நாம் கேட்க வேண்டிய காலம் வரும். அதுவரைக்கும் பள்ளிக்கூடம் போகும் நம்ம பிள்ளைகள் இருக்கிறார்கள், வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். அன்னூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில் இன்னும் சோளம் விதைக்கிறோம். எதுக்கு? பெரும்பாலும் தட்டுக்குத்தான். தானியத்தை நம்பி விதைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். சோளச்சோறும் கம்மஞ்சோறும் ராகிக்களியும் 'இல்லாதவங்க சாப்பாடு' ஆகி, வெள்ளைச் சோறு கௌரவமாகிவிட்டது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட அட்டவணை வேறு சொல்கிறது. 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச் சத்து 350 மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியில் பத்துகூடத் தேறாது. கம்பில் இரும்புச்சத்து சுமார் 6 மில்லிகிராம், தீட்டிய அரிசியில் ஒன்றுக்கும் கீழே.

ஆனால் கம்பு தின்றால் ரத்தசோகை ஓடிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. தானியத்தில் உள்ள இரும்பை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ளாது. ஊறவைத்து முளைகட்டினால் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தாலும் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து சேராமல் தடுக்கும். காட்டு வேலையில் டீ இல்லாமல் முடியாது, தெரியும். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு எல்லோரும் வீட்டில் காலியான ஒரு பாக்கெட்டையோ பாட்டிலையோ கொண்டுவாருங்கள். ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லி, முதல் மூன்று பொருளையும், 100 கிராமுக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்பதையும், காலாவதித் தேதியையும் எழுதுங்கள். விலையைக் கிலோவுக்கு மாற்றுங்கள். அரைக்கிலோ பாட்டில் என்றால் இரண்டால் பெருக்கினால் போதும். பக்கத்திலேயே ஒரு கிலோ ராகி, ஒரு கிலோ பச்சைப்பயறு, ஒரு கிலோ நிலக்கடலை சந்தையில் என்ன விலை என்று எழுதுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினாலோ, தேதி முடிந்த பொருளைக் கொடுத்தாலோ 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பில் வாங்கி வைத்திருங்கள்.

எழுதிய கணக்கைத் தீர்மான நோட்டிலேயே ஒட்டி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதியிடம் ஒரு நகல் கொடுத்தனுப்புங்கள். எந்தெந்தக் குழு என்னென்ன கண்டுபிடித்தது என்பதை அடுத்த இதழில் போடுகிறோம்.