சேர்ந்து மேயட்டும், பிரிந்து அடையட்டும்

தங்கச்சி, கோழி வளர்க்க நினைக்கிறவர்கள் எல்லாரும் "எத்தனை வாங்கலாம் அக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதை அப்புறம் பேசலாம். முதலில் ஒரு பெருமழை நேரத்தில் காம்பராவுக்குப் பின்னால் போய் நின்று, தண்ணி எங்கிருந்து வந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார். நம் தோட்டங்கள் இருக்கிற இரத்தினபுரியும் கேகாலையும் இலங்கையில் அதிகம் நனைகிற மாவட்டங்கள். மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். அது ஓய்ந்த கையோடு ஒக்டோபர், நவம்பரில் இடியோடு மறுபடி ஊற்றும். கீரி தூக்கிப் போன கோழியைப் பற்றி லயமே பேசும். ஈரத் தரையால் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற குஞ்சுகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரத்தக் கழிச்சல் கிருமி ஈரமும் சூடும் சேர்ந்த கழிவில்தான் முதிர்ந்து குஞ்சின் வாய்க்குப் போகிறது. காய்ந்த தரை இருந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

அதனால் கூட்டைத் தரையிலிருந்து இரண்டரை அடி தூக்கிக் கட்டு. அடித்தளத்துக்கு மூங்கில் பிளாச்சோ கமுகம் பிளாச்சோ போட்டு, எச்சம் கீழே விழுகிற அளவு இடைவெளி விடு. லயத்துக் கூரைத் தண்ணி சொட்டுகிற இடத்தில் கூடு நிற்கக்கூடாது. தகரத்தை நன்றாக வெளியே நீட்டிப் போடு. மழைச் சாரல் அடிக்கும் பக்கத்துக்குச் சாக்குத் திரை போதும். மேலே ஒரு சாண் காற்றுக்கு விட்டுவிடு, அடைத்துப் பூட்டினால் மூச்சுச் சளி வரும். ஆறடிக்கு நாலடிக் கூட்டில் எட்டுக் கோழி தாராளமாக அடையும். சாதாரண கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும், கீரியை வெளியே வைத்திருக்காது. கீழ்ப்பாதிக்கு அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை வாங்கு. காசைச் சேமிக்க வேறு இடம் பார், இதில் வேண்டாம்.

இடம் போதவில்லை என்று பின்பக்க மண்மேட்டை மட்டும் வெட்டாதே. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்ததையும், அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயத்தின் மேல் மண் விழுந்ததையும் நம் பக்கத்து ஆட்கள் மறக்கமாட்டார்கள். கூடு கட்டுவதற்கு முன் தோட்டத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடு. பிறகு பிடுங்கச் சொன்னால் உழைப்பும் வீண், மனசும் நோகும்.

எது முதலில், எது அப்புறம்

கோழி, வாத்து, கினிக்கோழி, வான்கோழி என்று எல்லாம் கலந்து மேய்வதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுவந்து இறக்காதே. முதல் வருஷம் கோழி மட்டும். அதிலும் நாள்குஞ்சு வேண்டாம். எட்டு, பத்துக் கிழமை வயதான, தடுப்பு மருந்து போட்ட பெட்டைகளாக ஆறு வாங்கு. நாள்குஞ்சுக்கு முதல் கிழமை 32 முதல் 35 பாகை சூடு வேண்டும், பிறகு கிழமைக்கு மூன்று பாகை குறைக்க வேண்டும். மழையில் கரண்ட் போகிற ஊரில் புதிதாகப் பழகுகிறவளுக்கு அந்தப் பாரம் எதற்கு?

ஆறையும் ஒரே இனமாக எடுக்காதே. பண்ணை இனத்துச் சிவப்புக் கோழி நல்ல தீன் தின்றால் வருஷத்துக்கு 300 முட்டை வரை இடும், அடையில் உட்காராது. ஊர்க்கோழி 50, 60 முட்டைதான் இடும். ஆனால் தானே மேய்ந்து வயிற்றை நிரப்பும், பருந்தின் நிழல் விழுந்தால் ஓடி ஒளியும், அடை காத்துக் குஞ்சும் பொரிக்கும். நாலு சிவப்பு, இரண்டு ஊர்க்கோழி என்று வை. முட்டைக்கு ஒன்று, அடுத்த தலைமுறைக்கு ஒன்று. முட்டை இடுவதற்குச் சேவல் தேவையில்லை, குஞ்சு வேண்டும் என்றால் எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

வந்ததும் ஒரு கிழமை கூட்டை விட்டு வெளியே விடாதே. வீடு எது என்று பழகினால்தான் பொழுது சாய்ந்ததும் தானாக வந்து ஏறும்.

இரண்டாவது வருஷம் வாத்து சேர்க்கலாம். நம் ஈரத்துக்கு வாத்தைப் போலப் பொருந்துகிற பறவை இல்லை. நத்தையையும் புழுவையும் தின்றுவிடும், மழையில் நின்றாலும் சளி பிடிக்காது. வான்கோழியை நான் யாருக்கும் சொல்வதில்லை. கோழியின் குடலில் இருக்கும் ஒரு சின்னப் புழு, வான்கோழியின் ஈரலைக் கெடுக்கும் நோயைச் சுமந்து திரிகிறது. கோழிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, அதே மண்ணில் மேயும் வான்கோழி செத்துவிடும். கினிக்கோழி நல்ல காவல்காரன், பாம்பு வந்தாலும் ஆள் வந்தாலும் கத்தும். ஒன்றுமே வராவிட்டாலும் கத்தும். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் விடியற்காலை பிரட்டுக்குப் போகிறவர்களின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது. தனிவீட்டுக்காரர்கள் வளர்க்கட்டும்.

வாத்தும் கோழியும்

கலந்து வளர்ப்பதில் முக்கால்வாசிச் சிக்கல் இங்கேதான் வரும், அதனால் கொஞ்சம் நிதானமாகக் கேள்.

பகலில் இரண்டும் ஒன்றாக மேயலாம். இராத்திரி ஒரே கூட்டில் வைக்காதே. கோழி உயரத்தில் கம்பில் ஏறி அடையும், வாத்து தரையில் படுக்கும். மேலே கோழி, கீழே வாத்து என்று இடம் மிச்சம் பிடிக்க நினைப்பாய். கோழி எச்சம் முழுக்க வாத்தின் முதுகில் விழும். வாத்து கழிக்கும் தண்ணியால் கூடு முழுவதும் ஈரமாகும். வாத்துக்குத் தனியாக, தாழ்வாக, மரத்தூளோ காய்ந்த வைக்கோலோ போட்ட ஒரு பெட்டி அறை செய். கீரியும் நாயும் தோண்டாமல் இருக்கக் கம்பிவலையை ஒரு முழம் மண்ணுக்குள் இறக்கு.

தண்ணிப் பாத்திரமும் வேறு வேறாக வேண்டும். வாத்துக்குக் குளம் வேண்டாம். அலகும் மூக்கும் கண்ணும் முங்குகிற ஆழத்துக்கு ஒரு பழைய பேசின் போதும், முங்கிக் கழுவாவிட்டால் கண்ணிலும் மூக்கிலும் நோய் வரும். அதைக் கோழிக்கூட்டுக்குக் கீழ்ச்சரிவில், கல் பரப்பிய இடத்தில் வை. கோழியின் தண்ணியை வாத்து எட்டாத உயரத்தில் கட்டு.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். வாத்தைப் பீலிப் பக்கமும் ஓடைப் பக்கமும் விடாதே. உன் லயத்துக்குக் கீழே இன்னொரு லயம் அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறது.

ஆண் வாத்து ஒன்றுக்கு நாலைந்து பெட்டை வாத்து இருக்கட்டும். பெட்டை குறைந்தால் அது கோழிகள் மேல் ஏறும், கோழியின் உடம்பு அதைத் தாங்காது. வாத்து பெரும்பாலும் விடியலில் இடும். எட்டரை, ஒன்பது மணி வரை அடைத்து வைத்தால் முட்டை கூட்டுக்குள் கிடைக்கும், முன்னாடியே திறந்தால் கானிலும் புதரிலும் தேட வேண்டும். நீ கொழுந்துக்கோ பால்வெட்டுக்கோ போய்விட்டால் வீட்டில் இருக்கும் அம்மாச்சியிடம் இந்த வேலையைக் கொடு.

வாத்துக்குஞ்சுக்கு நயாசின் என்கிற வைட்டமின் கோழிக்குஞ்சைவிடக் கூடுதலாக வேண்டும். வெறும் கோழிக்குஞ்சுத் தீனோடு விட்டால் கால் வளைந்து நடக்க முடியாமல் போகும். அவித்த மீன் தலை, பச்சைப் பட்டாணி, தவிடு கலந்து கொடு.

அடை வைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள், மஸ்கோவி என்கிற பெரிய வாத்துக்கு 35 நாள். ஊர்க்கோழியின் அடியில் கோழி முட்டை என்றால் பத்துப் பன்னிரண்டு, வாத்து முட்டை என்றால் ஆறேழு வைக்கலாம். இரண்டையும் கலந்து வைக்காதே. கோழிக்குஞ்சு பொரித்ததும் தாய் அதைக் கூட்டிக்கொண்டு எழுந்துவிடும், வாத்து முட்டை குளிர்ந்துபோகும். ஏழாம் நாள் இராத்திரி முட்டையை டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார். சிவப்பு நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது, வெறுமனே தெளிவாக இருந்தால் எடுத்துவிடு. இடி இடித்தால் முட்டை கூழாகும் என்று இரும்புத் துண்டும் கரியும் வைப்பார்கள். வைக்கிறவர்கள் வைக்கட்டும், நான் தடுக்கமாட்டேன். அதோடு சேர்த்து அடைப்பெட்டியை நனையாத மூலைக்கு மாற்று. இடி மாதத்தில் முட்டை கெடுவதற்கு ஈரமும், பயந்து எழுந்து ஓடும் கோழியும் போதும். கோழி பொரித்த வாத்துக்குஞ்சு இறகு முளைக்கும் வரை தண்ணியில் நீந்தக்கூடாது. தாய்வாத்து இருந்தால் அதன் உடம்பு எண்ணெய் குஞ்சில் ஒட்டும், கோழித்தாயால் அது முடியாது, குஞ்சு நனைந்து விறைத்துப் போகும்.

தீன்

பெரிய கோழி ஒன்று நாளுக்கு 110, 120 கிராம் தின்னும். எல்லாவற்றையும் கடைத்தீனாக வாங்கினால் கட்டாது. 2021இல் உரம் தடைப்பட்டுச் சோள விளைச்சல் விழுந்ததும், 2022இல் தீன் விலை ஏறி முட்டை கிடைக்காமல் போனதும், 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கியதும் நீயும் பார்த்ததுதான். அதனால் பாதி கடைத்தீன், பாதி நம் கையிலுள்ளது என்று பழக்கு. குறுணல், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, முருங்கைக்கீரை, கறையான் புற்று எல்லாம் நல்லது. முட்டைக்கோழித் தீனில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அதைக் குஞ்சுக்குப் போட்டால் சிறுநீரகம் கெடும். அதனால் பெரியதும் சின்னதும் ஒரே தட்டில் தின்னக்கூடாது. பெரிய கோழிக்கு முட்டை ஓட்டை வறுத்துப் பொடித்துத் தனிச் சிரட்டையில் வை, வேண்டியது வந்து கொத்தும்.

நம் தோட்டத்துக்கென்றே சில விஷங்கள் இருக்கின்றன. ரப்பர் விதையில் சயனைட்டாக மாறும் சத்து இருக்கிறது. காய் வெடித்து விழும் காலத்தில் வாசலைக் கூட்டி எடு. பச்சை மரவள்ளித் தோலும் இலையும் அப்படியே. பட்டர்புரூட்டின் தோல், கொட்டை, இலை எதுவும் பறவைக்கு ஆகாது. ரப்பர் பாலை உறைய வைக்கும் அசிட் வாளியை மூடாமல் வைக்காதே. தேயிலை மலையில் புல்லுக்கு மருந்து அடிக்கும் நாளைக் கங்காணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அன்றைக்குக் கோழியை அடைத்து வை.

முட்டை வரத் தொடங்கியதும் விற்கத்தான் கை போகும். எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. 2016இல் எடுத்த நாட்டுச் சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குக் கீழே வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுக்க 100க்கு 17 பேர், தோட்டப்பகுதியில் 32 பேர். அதனால் அன்றைக்கு இட்ட முட்டையில் முதலாவது உன் பிள்ளையின் தட்டுக்கு, இரண்டாவது வயிற்றுப்பிள்ளைக்காரி வீட்டில் இருந்தால் அவளுக்கு. மிச்சம்தான் கடைக்கு. வாத்து முட்டையை முழுவதும் வேகவைத்தே கொடு. கூட்டில் கை வைத்த பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவ பிள்ளைகளைப் பழக்கு.

லயம் முழுக்க ஒரே நாளில்

வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிகெட் நோய் வந்தால் கோழி மூச்சுக்கு வாயைத் திறக்கும், பச்சையாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். வந்த பிறகு மருந்து இல்லை. வாத்துக்கு அது பெரிதாகத் தெரியாது, ஆனால் சுமந்துவந்து கோழிக்குக் கொடுக்கும். கலந்து வளர்க்கிறவள் தடுப்பு மருந்தைத் தள்ளிப்போட முடியாததற்கு இதுதான் காரணம். அம்மை கொசுவால் வரும், அதற்கும் ஊசி உண்டு. எது எந்த வயதில் என்று உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டு. கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் கோழித் தடுப்பு மருந்துகளை நாட்டிலேயே தயாரிக்கிறது, இது எங்கேயோ தேட வேண்டிய பொருள் இல்லை.

ஆபத்தான காலம் தீபாவளிக்கு முந்திய கிழமைகள். சேவல் கைமாறும், வெளியூர்க் கோழி லொறியில் வரும், முனிக்கு நேர்ந்துவிட்ட சேவலையும் எங்கிருந்தோ வாங்கி வருவார்கள். புதிதாக வந்த எதையும் மூன்று கிழமை தனியாகக் கட்டி வை. செத்த கோழியைக் கானில் எறியாதே, ஆழமாகப் புதைத்து மேலே சுண்ணாம்பு போடு. நோய்க்கோழியை அறுத்துப் பங்கு வைக்கவோ மலிவாக விற்கவோ சம்மதிக்காதே.

உன் ஆறு கோழிக்கு மட்டும் மருந்து போட்டு உன்னால் நிம்மதியாக இருக்க முடியாது. லயத்துக் கோழிகள் எல்லாம் ஒரே வாசலில்தான் கிளறுகின்றன. ஒரு குப்பி மருந்தே நூறு கோழிக்கு மேல் வரும், கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆகவே முதல் நாளே காம்பரா காம்பராவாகப் போய் யார் வீட்டில் எத்தனை என்று எழுதிக்கொள். காசைப் பிரித்துக்கொள்ளுங்கள். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவரச் சொல். ஞாயிற்றுக்கிழமை காலை, கோழிகளைத் திறப்பதற்கு முன்னால் ஆரம்பி. ஒருத்தி பிடிக்க, ஒருத்தி கண்ணில் ஒரு சொட்டு விட, ஒரு பிள்ளை எண்ணிக் குறிக்கட்டும். நோய்ப்பட்ட கோழி இருந்தால் அன்று போடாதே, வைத்தியரிடம் சொல். மிஞ்சினதை அடுத்த நாளுக்கு எடுத்து வைக்காதே. குப்பியோடு கொதிதண்ணியில் போட்டு எடுத்துப் புதைத்துவிட்டு, அடுத்த முறை எப்போது என்று அந்தத் தாளிலேயே எழுதி வை.