ஏடும் வாசகரும்: சுவடி வாசிப்பில் யாப்பின் இடம்

முன்னுரை

சுவடிகளைத் தொகுத்தலும் பதிப்பித்தலும் தமிழாய்வில் பெற்ற கவனத்தை அவற்றை வாசித்த முறை பெறவில்லை. அம்முறையைச் சப்பானிய நூல்மரபோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஏட்டின் எழுத்து

ஓலையில் கீறுவோர் புள்ளியிடுவதைப் பெரும்பாலும் தவிர்த்தனர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வரிவடிவில் வேறுபடவில்லை. ரகரமும் நெடிலுக்குரிய காலும் ஒரே வடிவின. எனவே 'செறு' (வயல்), 'சேறு' ஆகியன ஏட்டில் ஒன்றுபோல் நிற்கும். 'பாவை', 'பரவை' (கடல்) ஆகியனவும் அவ்வாறே.

யாப்பு என்னும் கருவி

உரைநடையில் இம்மயக்கத்தை இடம் நோக்கியே தீர்க்க இயலும். செய்யுளில் யாப்பும் துணைநிற்கும். வெண்பாவில் முன்னின்ற சீர் மாச்சீராயின் வருஞ்சீர் நிரையசையில் தொடங்க வேண்டும். ஆகவே 'பரவை' என்பதே பாடம். முன்னின்றது விளச்சீரோ காய்ச்சீரோ ஆயின் 'பாவை' என்பதே பொருந்தும். யாப்பறியாதவர் ஏட்டைப் பிழையின்றிப் படித்தல் அரிது.

சப்பானிய ஒப்புமை

பழைய கானா எழுத்திலும் 'க' என்பதன் ஒலிப்புடை, ஒலிப்பிலா வேறுபாடு பெரும்பாலும் குறிக்கப்படவில்லை. வாசகரே அதனை உணர்ந்து ஒலித்தார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட சேசு சபையினர், 1590இல் சப்பானுக்கும் அச்சுப்பொறி கொண்டுசென்றனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறித்தவம் தடைசெய்யப்பட, அவ்வச்சுப்பணி நின்றது. பின்னர் மரப்பலகை அச்சே அங்கு ஓங்கியது. கையெழுத்தின் தொடர்வடிவை அப்படியே பலகையில் செதுக்க இயன்றமையால் பழைய வாசிப்புப் பழக்கம் அச்சிலும் தொடர்ந்தது. வாடகை நூல் வணிகர் அந்நூல்களைச் சுமந்து வீடுதோறும் சென்றனர்.

தமிழில் நிகழ்ந்தது வேறு. 1835க்குப் பின் இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்தலாயினர். புள்ளியும் நெடிற்குறியும் தெளிவுற்ற அச்சு, வாசகர் நிரப்பிவந்ததை எழுத்திலேயே காட்டியது. தனித்து வாசித்தல் எளிதாயிற்று. ஏட்டை ஒலித்துப் படிக்கும் பயிற்சி அருகியது.

முடிவுரை

வடதமிழகத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் படித்துப் பொருள் கூறும் வழக்கம் பழைய வாசிப்பு முறையின் எச்சமாகும். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய கதையை மலையாளிப் பழங்குடியினர் வாய்மொழியாகவே காத்துவந்துள்ளனர். ஆதலின், கரியாலூர் முதலிய கல்வராயன் மலையூர்களுக்குச் சுவடி தேடிச் செல்வோர் 'ஏடு உள்ளதா?' என்பதோடு, 'படிக்கக் கேட்டவர் உளரா?' என்றும் வினவுதல் வேண்டும். ஏட்டைப் படியெடுத்துக் காக்கலாம்; படித்தவர் குரலை அவர் வாழும் காலத்தில் மட்டுமே பதிய இயலும்.