இரண்டாம் நாள் காலைக்குத்தான் பயிற்சி

சீர்காழி,
ஆவணி மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. தை மாதம் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஏழு நாள் சைக்கிளில் போகப் பெயர் கொடுத்திருக்கிறாய் என்று உன் அப்பா சொன்னான். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்டுகிறீர்களாம். கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. அவனுக்கு உள்ளூர பயம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் தீபாவளி முடிந்துதான் பயிற்சி தொடங்கப் போகிறாய் என்றானே, அதைக் கேட்டுத்தான் உடனே பேனாவை எடுத்தேன்.

தீபாவளிக்குப் பிறகு நம் பக்கம் மழைதான். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது உனக்கு மறந்திருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை வாரம் கையை விட்டுப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர் நிற்கிற ரோட்டில் பள்ளம் தெரியாது, அதில் ஓட்டவும் கூடாது. அதனால் இந்த வாரமே தொடங்கு. இப்போதே உடம்பைப் பழக்கிவிட்டால், மழையில் விட்டுப்போனதை மார்கழியில் மீட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது முக்கியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இனி கவலையில்லை என்று இருந்துவிடாதே. ஒரு நாள் கூத்தை இள ரத்தம் தாங்கிவிடும். உங்கள் பயணத்தில் தினமும் 100, 110 வருகிறது. முதல் நாள் கடுத்துப்போன தொடையோடும் கன்றிப்போன உட்காருமிடத்தோடும் இரண்டாம் நாள் காலை ஐந்தரைக்கு மறுபடி சீட்டில் ஏற வேண்டுமே, அதற்குத்தான் உன் பயிற்சி. இப்போது வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக நம் ஊர் வழியே போகிறார்கள். முதல் நாள் வேகமாக நடந்தவர்கள்தான் மூன்றாம் நாள் காலில் துணி சுற்றிக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். சித்திரை இரண்டாம் செவ்வாய்க்கு வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நடந்து வரும் நகரத்தார்களையும் பார்த்திருக்கிறாய். அவ்வளவு வெயில் காலத்தில் வயசானவர்கள்கூட வந்து சேர்கிறார்கள். விடியலில் நடை, உச்சி வெயிலில் ஓய்வு, அளவான வேகம். அவர்களிடம் கற்றுக்கொள்.

நீ அண்ணாமலைநகர் விடுதியில் இருப்பது இதற்கு வசதி. முதல் இரண்டு வாரம் சனிக்கிழமை நேரே இங்கே வந்து, ஞாயிறு திரும்பு. அதுவே போக வர 40 கிலோமீட்டர். பிறகு கூட்டு. சனிக்கிழமை கொள்ளிடம் பாலம் தாண்டி, சீர்காழி வழியாகத் திருக்கடையூர் வரை போய்த் திரும்பி வீட்டுக்கு வந்தால் 70 கிலோமீட்டருக்குக் குறையாது. ராத்திரி இங்கே தூங்கு. ஞாயிறு காலை பூம்புகார் போய் வந்து, விடுதிக்குத் திரும்பினால் 60 ஆகிவிடும். கால் கெஞ்சும், கெஞ்சட்டும், மெதுவாக ஓட்டு. நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் தூரத்தைப் பாதியாகக் குறைத்து உடம்பை ஆற விடு. முட்டியில் குத்துகிற வலி வந்தால் அன்றே நிறுத்திவிட்டு சீட் உயரத்தைப் பார். குதிகாலை பெடலில் வைத்து மிதித்தால், பெடல் அடியில் வரும்போது கால் நேராக நீள வேண்டும்.

நம் ஊரில் மேடு கிடையாது, காற்றுதான் மலை. இந்த மாதம் பூம்புகார் போகும்போது மேல்காற்று தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது நெஞ்சில் மோதும். அப்போது வேகத்தைப் பார்த்து மனசு ஒடியாதே. கியரைக் குறைத்து, கால் சீராகச் சுற்றுகிறதா என்று மட்டும் கவனி. தையில் தெற்கே போகிறவர்களுக்கு வடகிழக்குக் காற்று முதுகில் இருக்கும். அதை நம்பிப் பயிற்சியைக் குறைக்காதே. தையில் நம் பக்கம் சம்பா அறுவடை. ரோட்டில் பாதிக்கு நெல் காயும், வைக்கோல் கிடக்கும். நெல்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, நேராக உருட்டிப் போ. வைக்கோல் பின்சக்கரப் பல்லில் சுற்றிக்கொண்டால் இறங்கி எடுத்துவிட்டுத்தான் மிதிக்க வேண்டும்.

பஞ்சர் ஒட்ட இப்போதே படி. சைக்கிள் கடையில் அரை நாள் உட்கார்ந்தால் போதும். டியூபைக் கழற்றி, காற்றடித்து, பக்கெட் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கி எங்கே குமிழ் வருகிறது என்று பார்க்க வேண்டும். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, பசை காய்ந்த பிறகே ஒட்டு வைக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் பத்து கிலோமீட்டரில் பிரிந்துவிடும். டியூபைத் திரும்ப மாட்டுவதற்குமுன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெல்லத் தடவிப் பார். கருவேல முள்ளின் நுனி அங்கேயே இருந்தால் புது டியூபும் போய்விடும்.

பொம்பளைகளுக்குள் பேசவேண்டியதையும் எழுதிவிடுகிறேன். பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் இரண்டு வாங்கு. அதற்குள்ளே வேறெதுவும் போடாதே, தையல் உராய்ந்து புண்ணாகும். தினமும் துவைத்து வெயிலில் காயவை. உராயும் இடத்தில் வாசலின் தடவு. அந்த ஏழு நாளில் மாதவிலக்கு வந்துவிடுமோ என்று மாத்திரையை நீயாக வாங்கிப் போடாதே, டாக்டரைக் கேள். பயிற்சிக் காலத்தில் அந்த நாட்களிலும் ஓட்டிப் பார். உன் உடம்பு எதைத் தாங்கும் என்று உனக்குத் தெரிந்திருக்கும். காலையில் இட்லி, வழியில் வாழைப்பழம், கடலைமிட்டாய், உப்புப் போட்ட மோர். ஓட்டி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் சோறு சாப்பிட்டால்தான் மறுநாள் காலில் தெம்பிருக்கும்.

பணம் விஷயத்தில் கறாராக இரு. உன் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட வரக் கூடாது. மருத்துவமனைக் கணக்குக்கே நேராக அனுப்பச் சொல், 80ஜி வரிச்சலுகை ரசீது பணம் கொடுப்பவர் பெயரிலேயே வரட்டும். தொகை சின்னதாக இருக்கிறதே என்று கூசாதே. 1980-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 36 பேர் சைக்கிளில் போய்ப் புற்றுநோய்க்கு நிதி திரட்டினார்கள். அது இன்றும் வருஷாவருஷம் பெரிதாக நடக்கிறது. 2011-இல் இலங்கையின் தென்முனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து திரட்டிய நிதி, யாழ்ப்பாணம் தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனது. அடையாறு மருத்துவமனையை 1954-இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டைக்காரர், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். பணம் கேட்கும்போது அதையும் சொல்.

அதே புதுக்கோட்டையில்தான் நானும் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் சைக்கிள் பழகினேன். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த சமயம். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு ஊரைச் சுற்றினோம். அன்று எங்களைப் பேசாத வாய் இல்லை. உன்னையும் பேசுவார்கள், பதில் சொல்ல நிற்காதே.

வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்குள் புறப்படு. பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், தலையில் ஹெல்மெட் இருக்க வேண்டும். கொள்ளிடம் பாலம் தாண்டியதும் நின்று ஒரு போன் செய், சோறு வடித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அத்தை