மென்பொருள் நிறுவனம் விலையை மாற்றினால் வாடிக்கையாளரிடம் கூடுதலாகக் கேட்கலாமா?

கேள்வி (வழக்கறிஞருக்கு): கோவையில் தனி ஆளாக வெப்சைட் செய்துகொடுக்கிறேன். ஜவுளிக்கடை, பல் மருத்துவமனை, இரண்டு பள்ளிகள், ஒரு பம்ப் கம்பெனி என்று எல்லாம் சின்ன வாடிக்கையாளர்கள். அத்தனை தளங்களும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருளில், என் கணக்கில், என் கிரெடிட் கார்டில் ஓடுகின்றன. டிசைனுக்கு ஒரு தொகை, அதன் பிறகு வருடப் பராமரிப்புக்கு ஒரு தொகை என்று மொத்தமாகப் பேசிவிடுவேன். சிலரிடம் மூன்று வருடத்துக்கும் சேர்த்து எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

சென்ற வருடம் அந்த நிறுவனம் ‘கட்டணங்களை எளிமையாக்குகிறோம்’ என்று மெயில் அனுப்பியது. இரண்டு முறை படித்தும் என் பில் எவ்வளவு வரும் என்று தெரியவில்லை. தளத்துக்கு ஒரு பிளான், வேலை செய்பவருக்கு ஒரு சீட், அதிலேயே பல வகை, பேண்ட்வித்துக்குத் தனி ஆட்-ஆன். பள்ளி ஆசிரியை உள்ளே போய் விடுமுறை அறிவிப்பை மாற்றினால்கூட ஒரு சீட் கணக்கு. புதுப்பித்த அன்று கார்டில் ஏறக்குறைய இரட்டிப்புத் தொகை போய்விட்டது. அவர்கள் இப்படிச் செய்யலாமா? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? இல்லாவிட்டால் என் வாடிக்கையாளர்களிடம் இந்தக் கூடுதலை வாங்கலாமா?

– வாசகர், கோவை

பதில்: நீங்கள் இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவில் நிற்கிறீர்கள். நிறுவனத்தோடு நீங்கள் செய்த ஒப்பந்தத்தில், விலையை மாற்றும் உரிமையை அவர்கள் தங்களுக்கு எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாடிக்கையாளரோடு நீங்கள் செய்த ஒப்பந்தத்தில் அந்த உரிமையை உங்களுக்கு எழுதிக்கொள்ளவில்லை. நஷ்டம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் விழுந்திருக்கிறது. ஆகவே நிறுவனத்தின் மேல் உள்ள கோபத்தை விட, கடைசியாகப் போகிறபோக்கில் கேட்டீர்களே, அந்தக் கேள்விக்கான பதில்தான் உங்களுக்கு அதிகம் பயன்படும். இருந்தாலும் வரிசையாகவே வருகிறேன்.

நிறுவனம் விலையை ஏற்றலாமா? சந்தா முடிந்து புதுப்பிக்கும்போது ஏற்றலாம். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் ஒரு வருடத்துக்குப் பணம் வாங்கிவிட்டு, அந்த வருடத்தின் நடுவிலேயே விலையை ஏற்றுவதோ, பிளானில் இருந்த வசதியைக் குறைப்பதோ வேறு விஷயம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 62-ன்படி இருக்கிற ஒப்பந்தத்துக்குப் பதில் புதியது வர வேண்டுமென்றால் இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் தங்கள் விதிமுறைகளில் கலிபோர்னியா மாநிலச் சட்டமே பொருந்தும் என்று எழுதியிருந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. கலிபோர்னியாவும் அடங்கிய அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், 2007-ல் ஒரு தொலைபேசி நிறுவனம் பற்றிய டக்ளஸ் வழக்கில், மாற்றிய விதிகளை இணையதளத்தில் ஏற்றிவைத்துவிட்டு வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காமல் விட்டால் அவை அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. உங்கள் விஷயத்தில் மெயில் வந்துவிட்டது, உயர்வும் புதுப்பிக்கும் நாளில்தான் வந்திருக்கிறது. எனவே ‘விலையை ஏற்றியதே செல்லாது’ என்று வாதிட இடம் குறைவு. அந்த மெயிலில் உங்கள் புதிய தொகை தெளிவாக இருந்ததா, கார்டிலிருந்து பணம் எடுத்த முறை சரியா என்பதில்தான் உங்களுக்குப் பிடி இருக்கிறது.

அதற்கு முன் இன்வாய்ஸைப் பிரித்துப் பாருங்கள். இரட்டிப்பு என்று நீங்கள் சொல்லும் தொகையில் எத்தனை டாலர் பிளான் உயர்வு, எவ்வளவு டாலர் மதிப்பு மாற்றம், எவ்வளவு உங்கள் வங்கி எடுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம், எவ்வளவு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று தனித்தனியே எழுதுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவரிடம் வெளிநாட்டு நிறுவனமே வரியைச் சேர்த்து வாங்கும். பதிவு இருந்தால் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைக் கணக்கில் கொடுத்துவிட்டு, ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்டி, உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். இதைச் செய்யாமலே விட்டுப் பணம் இழப்பவர்கள் உங்கள் தொழிலில் நிறையப் பேர்.

இப்போது கார்டு விஷயம். உங்கள் கையில் உள்ள பலமான ஆயுதம் இதுதான் என்பது என் கருத்து. தானாகக் கழியும் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த இ-மேண்டேட் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளன. வெளிநாட்டு வணிகர்களுக்குச் செல்லும் கட்டணங்களும் இதில் அடங்கும். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில், எதற்காக என்று வங்கி உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த ஒரு தவணையையோ, தானாகக் கழிக்க நீங்கள் கொடுத்த அனுமதியான மேண்டேட்டையே முழுவதுமாகவோ நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம். தொகை மாறக்கூடிய மேண்டேட் என்றால், அதிகபட்சம் இவ்வளவு என்ற வரம்பை நீங்கள் வைத்திருப்பீர்கள், அதைத் தாண்டி எடுக்கக் கூடாது. இது போன்ற சந்தாக்களில் 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு வேண்டும். உங்கள் தொகை நிலையான மேண்டேட்டாக இருந்து, அதைவிட அதிகம் கழிந்திருந்தால், அல்லது முன்னறிவிப்பு வராமலே கழிந்திருந்தால், வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. முன்னறிவிப்பு எஸ்.எம்.எஸ். வந்து நீங்கள்தான் கவனிக்காமல் விட்டீர்கள் என்றால் இந்த வழி அடைந்துபோகும். முதலில் போனைத் தேடிப் பாருங்கள்.

நுகர்வோர் ஆணையம் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் பலரும் தவறான நம்பிக்கையோடு மனு போடுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7)-ன்படி வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் அல்ல. சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு விதிவிலக்கு உண்டு என்பது பலருக்கும் தெரியும். தெரியாதது இது: பழைய 1986 சட்டத்தில் 2002-ல் செய்த திருத்தம், பிழைப்புக்காக வாங்கிய பொருள், பெற்ற சேவை இரண்டையும் அந்த விதிவிலக்குக்குள் கொண்டுவந்தது. 2019 சட்டத்தின் விளக்கத்தில் பொருள் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. சந்தா மென்பொருள் சேவையாகவே பார்க்கப்படும் என்பதால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே இதைத்தான் எடுப்பார். தவிர, 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பாலி மெடிக்யூர் வழக்கில், ஒரு நிறுவனம் தன் ஏற்றுமதி இறக்குமதி ஆவண வேலைகளைத் தானியங்கியாக்க வாங்கிய மென்பொருள் உரிமம் வணிக நோக்கத்துக்கானது என்று முடிவு செய்தது.

உங்களுக்கு வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த வழக்கில் மனுதாரர் ஒரு பெரிய கம்பெனி, நீங்கள் தனி ஆள். வாங்கியது வணிக நோக்கத்துக்கா என்று அந்தந்த வழக்கின் உண்மைகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1995-ல் லட்சுமி எஞ்சினியரிங் வழக்கு முதலே சொல்லிவருகிறது. அது உங்கள் ஊர் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் விற்ற ஓர் இயந்திரம் பற்றிய வழக்கு. வேலையாட்கள் இல்லாமல், சொந்த உழைப்பில், குடும்பம் பிழைக்க இதைச் செய்கிறேன் என்று வருமான வரிக் கணக்கோடு காட்டினால் வாதத்துக்கு இடமுண்டு. பத்துப் பேர் வேலை செய்யும் ஏஜென்சி என்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றே சொல்வேன். அவர்களுக்கு சிவில் கோர்ட்டோ ஒப்பந்தத்தில் சொன்ன நடுவர் முறையோதான்.

அந்த வாசலைத் தாண்டிவிட்டால் மற்றவை உங்களுக்குச் சாதகம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, விதிமுறைகளில் நடுவர் தீர்ப்பு என்று எழுதியிருந்தாலும் ஆணையம் மறுக்க வேண்டியதில்லை என்று எமார் எம்.ஜி.எஃப். வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். ‘எப்போது வேண்டுமானாலும், எதை வேண்டுமானாலும் மாற்றுவோம்’ என்ற ஷரத்தே நியாயமற்றது என்று தாக்க நினைத்தால் மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை, சென்னையிலுள்ள மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். நியாயமற்ற ஒப்பந்தம் என்ற கருத்தையே 2019 சட்டம்தான் முதல்முறை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் இந்தியாவில் அலுவலகமோ சொத்தோ இல்லாத நிறுவனத்திடம், சில ஆயிரம் ரூபாய்க்காக உத்தரவு வாங்கி அதை வசூலிப்பது பெரும்பாடு.

மெயில் குழப்பமாக இருந்தது என்ற உங்கள் வருத்தம் சட்டத்தின் கண்ணில் அற்பமானது அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட டார்க் பேட்டர்ன் வழிகாட்டுதல்களில் 13 வகைத் தந்திரங்கள் பட்டியலாகியுள்ளன. அதில் சந்தா மென்பொருள் பில்லிங்குக்கே தனி இடம் உண்டு. இலவசச் சோதனைக் காலம் முடிந்து கட்டணமாக மாறுவதைத் தெரிவிக்காமல் இருப்பது, பயனருக்குத் தெரியாமல் தொடர்ந்து பணம் எடுப்பது, பயன்படுத்தாத வசதிகளுக்குக் கட்டணம் வசூலிப்பது ஆகியவை அதன் உதாரணங்கள். விலையின் ஒரு பகுதியை மட்டும் முதலில் காட்டிவிட்டு மீதியைப் பிறகு சேர்ப்பது இன்னொரு வகை. இந்தியாவில் சேவை அளிக்கும் எல்லாத் தளங்களுக்கும் இது பொருந்தும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். மத்திய ஆணையம் ஒரு கூட்டமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்காகச் செயல்படுவது. எனவே உங்களைப் போன்ற இருபது பேர் இதே மெயிலை இணைத்து எழுதினால் கனம் கூடும்.

நிறுவனத்துக்கு நேரடியாகவும் எழுதுங்கள். பழைய பிளானிலேயே தொடர அனுமதி கேளுங்கள், பயன்படுத்தாத சீட்டுகளுக்குப் பணம் திருப்பிக் கேளுங்கள். இது வீண் முயற்சி அல்ல. 2021-ல் தளம் வடிவமைக்கும் மென்பொருளான எலிமென்டர் 1,000 தளங்களுக்கு என்றிருந்த தன் எக்ஸ்பர்ட் பிளானை அதே விலைக்கு 25 தளங்கள் என்று குறைத்தபோது, பழைய சந்தாதாரர்களைப் பழைய அளவிலேயே விட்டது. 2022-ல் வேர்ட்பிரஸ்.காம் தன் பிளான்களை இலவசம், புரோ என்று இரண்டாகச் சுருக்கிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் சில மாதங்களிலேயே பழைய முறைக்குத் திரும்பியது.

சரி, வாடிக்கையாளர்களிடம் கேட்கலாமா? கையெழுத்துப் போட்ட காலம் முடியும்வரை, அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கூட்ட முடியாது. ‘என் செலவு ஏறிவிட்டது, ஒப்பந்தத்தை நிறைவேற்றவே முடியாது’ என்று பிரிவு 56-ஐக் காட்டலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் நம்பாதீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்துக்கு நெய் கொள்முதல் செய்து கொடுத்த அலோபி பிரசாத் நிறுவனம், போரால் நிலைமையே மாறிவிட்டது, எனக்குக் கூடுதல் தொகை வேண்டும் என்று கேட்டது. செலவு கூடியதால் மட்டும் ஒப்பந்தம் கலைந்துவிடாது, பேசிய விலைதான் விலை என்று 1960-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. உலகப் போருக்கே இல்லாத சலுகை சீட் கட்டணத்துக்குக் கிடைக்காது.

கூடுதல் தராத வாடிக்கையாளரின் தளத்தை நிறுத்திவைக்கவும் கூடாது. கணக்கு உங்கள் பெயரில் இருக்கலாம், ஆனால் பராமரிக்க ஒப்புக்கொண்டு பணம் வாங்கியவர் நீங்கள். சேர்க்கை நேரத்தில் பள்ளியின் தளம் இருண்டுபோனால் பிரிவு 73-ன் கீழ் அவர்கள் உங்களிடம் நஷ்டஈடு கேட்கலாம், நியாயமும் அவர்கள் பக்கம்தான்.

சம்மதம் கேட்கத் தடையில்லை. பழைய இன்வாய்ஸ், புதிய இன்வாய்ஸ் இரண்டையும் இணைத்து, உயர்வு உங்கள் லாபம் அல்ல என்று காட்டி எழுதுங்கள். பெரும்பாலோர் ஒரு பகுதியையாவது ஏற்பார்கள். மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ ‘சரி’ என்று பதில் வந்தால் போதும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 10ஏ மின்னணு வழி ஒப்பந்தங்களை ஏற்கிறது. பதிலே வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பில் போடாதீர்கள். நிறுவனம் உங்களிடம் செய்ததையே நீங்கள் அவர்களிடம் செய்வதாக ஆகிவிடும்.

மூன்று வருட ஒப்பந்தக்காரர்கள் மறுத்தால், விலை குறைந்த மென்பொருளுக்கு அவர்கள் தளத்தை மாற்றலாமா என்று யோசிக்கலாம். ஒப்பந்தத்தில் மென்பொருளின் பெயரைக் குறிப்பிட்டிருந்தால் அதற்கும் சம்மதம் வேண்டும். மாற்றும் உழைப்பையும் குறைத்து எடைபோடாதீர்கள். உதாரணமாக வெப்ஃப்ளோவில் வடிவமைப்பின் கோடை இறக்கிக்கொள்ளலாம், ஆனால் சி.எம்.எஸ். உள்ளடக்கம் அதனுடன் வராது, ஃபார்ம்களும் வெளியே அப்படியே வேலை செய்யாது.

இனி போடும் ஒப்பந்தங்களில் உங்கள் உழைப்புக்கான தொகையையும் மென்பொருள் சந்தாவையும் ஒரே தொகையாக எழுதாதீர்கள். இந்த மாதிரி ஒரு ஷரத்து சேருங்கள்: ‘தளம் இயங்கும் மென்பொருளின் சந்தா, சீட், பேண்ட்வித் கட்டணங்கள் வாடிக்கையாளரின் செலவு. அந்த நிறுவனம் கட்டணத்தையோ பிளானின் அளவுகளையோ மாற்றினால் வடிவமைப்பாளர் 30 நாள் முன்னதாக, அல்லது தனக்குத் தெரிந்த உடனே, தெரிவிப்பார். வாடிக்கையாளர் புதிய தொகையை ஏற்கலாம் அல்லது வேறு மென்பொருளுக்கு மாற்றக் கேட்கலாம். மாற்றும் வேலைக்குத் தனிக் கட்டணம்.’

இதைவிட நல்லது, வாடிக்கையாளரே தன் மெயிலில் கணக்குத் திறந்து, தன் கார்டைக் கொடுத்து, உங்களை உள்ளே சேர்ப்பது. விலை மாற்றம் பற்றிய மெயில் அவருக்கே போகும், மேண்டேட் அவருடையது, ஜி.எஸ்.டி. அவருடையது. நீங்கள் விலகினாலும் தளம் அவரிடமே இருக்கும். ‘பிடி கைவிட்டுப் போய்விடுமே’ என்று சிலர் தயங்குகிறார்கள். கடன் சுமையோடு வரும் அந்தப் பிடி வேண்டாம். டொமைனையும் இதே போல அவர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள்.

உடனடியாகச் செய்ய வேண்டியது: வங்கியில் அந்த மேண்டேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் எழுதியிருக்கும் தொகையையும் கழிந்த தொகையையும் எனக்கு அனுப்பினால் வங்கிக்கான புகாரை எழுதித் தருகிறேன்.